கரன்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து 16,500: மடிப்பாக்கத்தில் இந்த வீட்டை எடுக்கலாமா?

சாரல்காரன் | 10 மார்ச் 2024, ஞாயிறு

வணக்கம். வீட்டு வாடகை விஷயத்தில் ஒரு கணக்கு பிடிபடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நான் தென்காசிப் பக்கம். வேலை கிண்டியில். ஏழு வருஷமாகத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒண்டிக்கட்டையாக இருந்தவன். அங்கே மாதம் பிறந்ததும் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் லைட், ஃபேன், குளிக்கிற தண்ணீர் எல்லாம் அதிலேயே அடக்கம். இத்தனை வருஷத்தில் கரன்ட் பில் என்ற காகிதத்தைக் கையால் தொட்டதில்லை. ஊர் வீட்டிலோ ஏசி கிடையாது. சாரல் மாதங்களில் ஃபேன்கூட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் தாண்டிவிட்டால் அப்பா யார் எந்த லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்கினீர்கள் என்று விசாரணை வைப்பார். 100-க்குள் இருந்தால் பில்லே இல்லையே.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை, வாரம் ஐந்து நாள். ஆக, பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்கும். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் மடிப்பாக்கத்தில், அடுத்தடுத்த தெரு.

முதல் வீடு: மாடி, ஒரு படுக்கையறை, கீழே ஓனர் குடும்பம். வாடகை 16,500. கரன்ட், தண்ணீர், மோட்டார், மாடிப்படி பெருக்குவது எல்லாம் சேர்த்தி. ஒன்றரை டன் ஏசி அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் பழசு. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது, மேன்ஷன் புத்தி. ஓனர் ரிட்டயர்டு வாத்தியார், மரியாதையான மனிதர். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஏசி மட்டும் ராத்திரி பத்து டு அஞ்சு வெச்சுக்குங்க தம்பி" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வீடு: அதே அளவு, நான்கு குடித்தனம், ஓனர் வெளியூர். வாடகை 13,000, மெயின்டனன்ஸ் 800. ஈபி தனி, நாமே கட்ட வேண்டும். ஏசி நாம்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் மாதம் 2,700 ரூபாய். ஏசியோடு ஒரு வீட்டுக்கு அவ்வளவு கரன்ட் ஆகுமா, ஆகாதா? அதுதான் என் கேள்வி. பங்குனியில் வீடு மாறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், அதனால் சித்திரைவரை நேரம் இருக்கிறது. ஆனால் முதல் வீட்டுக்கு இன்னொரு பார்ட்டி வருகிறதாம். புரோக்கர் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுகிறார்.

வெள்ளை அட்டை | 10 மார்ச் 2024

தம்பி, எல்லா வீட்டுக்கும் இன்னொரு பார்ட்டி வரும். அதை விடு.

32 வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து, வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதியவன் நான். ஓய்வுபெற்று நாளாயிற்று, கை இன்னும் சும்மா இருக்காது. முதலில் இரண்டாவது வீட்டுக் கணக்கைப் பார்ப்போம், அது சுலபம்.

பழைய ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட் என்று வைத்துக்கொள். இரண்டு மாதத்துக்கு 480. ஃப்ரிட்ஜ் 60. இரண்டு ஃபேன் மாறி மாறிச் சுற்றினால் 135. லைட், டீவி 40. வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாம் சேர்த்து 20. ஆக 735 யூனிட். இது வெயில் கால உச்சம்.

இப்போது, 2024 மார்ச்சில், நடப்பது 2022 செப்டம்பர் 10-இல் வந்த கட்டணம். போன வருஷம் ஏறியதை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. முதல் 100 இலவசம். 500-ஐத் தாண்டாதவர்களுக்கு அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25, அப்புறம் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6. அப்படி 500 யூனிட்டுக்கு 1,725 வரும். 501-ஆவது யூனிட் ஓடிவிட்டால் அந்த 2.25 போய்விடும், அந்த நூறுக்கும் 4.50 போடுவார்கள். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் தண்டம். என் காலத்தில், 'ரெண்டு நாள் முன்னாடியே வந்து ரீடிங் எடுத்துட்டுப் போங்க சார்' என்று காபி கொடுத்துக் கேட்டவர்கள் உண்டு. காபி மட்டும் குடித்திருக்கிறேன்.

500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11. உன் 735 யூனிட்டுக்கு 3,965 ரூபாய் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு. நீ அதிகம் கொடுக்கப்போவது இரண்டு மாதத்துக்கு 5,400. வருஷத்தில் வெயில் பில் இரண்டு, நடுத்தரம் இரண்டு, மார்கழி மாதிரி ஏசி இல்லாத பில் இரண்டு என்று போட்டால் வருஷம் முழுக்க 13,000-க்குள் அடங்கும். முதல் வீட்டில் கரன்டுக்கென்று நீ அதிகம் கொடுப்பது வருஷம் 32,400. உன் மனைவி பகலிலும் ஏசி போட்டால் வெயில் பில் 6,400 பக்கம் போகும். அப்போதும் வருஷக் கணக்கில் தனி ஈபிதான் மலிவு.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். முதல் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே எத்தனை மீட்டர் இருக்கிறது? போய் எண்ணிப் பார்த்துவிட்டு வா.

மாடிவீட்டு மாலதி | 10 மார்ச் 2024

கணக்கை சார் சொல்லிவிட்டார். கணக்கில் வராததை நான் சொல்கிறேன்.

2018-லிருந்து 2020 வரை நங்கநல்லூரில் இப்படி 'எல்லாம் சேர்த்து' வீட்டில் இருந்தோம். நாங்கள் மாடி, மாமி கீழே. நல்ல மாமி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ரசம் சாதம் மேலே வந்தது. ஆனால் அந்தப் பில் மாமிக்கு வரும். நாங்கள் போடுகிற ஸ்விட்ச் ஒவ்வொன்றும் மாமியின் காசு. இது ஒரு வீட்டை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

எங்களுக்கும் அதே நிபந்தனை, பத்திலிருந்து ஐந்து. எங்கள் ஏசியின் தண்ணீர்க் குழாய் சன்னலுக்கு வெளியே தொங்கும். அது சொட்டுகிற இடத்தில் நேர் கீழே மாமி வீட்டுக் கொல்லைத் தகரம். ஏசி போட்டு ஒரு பத்து நிமிஷம் ஆனால் டொக். அப்புறம் டொக், டொக். மாமிக்கு மீட்டரே தேவையில்லை, அந்தத் தகரம் போதும். மே மாதம் ஒரு நாள் குழந்தைக்கு வேர்க்குரு, அழுகை தாங்கவில்லை, மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டுவிட்டேன். சாயங்காலம் துணி எடுக்கக் கீழே போனால் மாமி வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருக்கிறாள். தலையைத் தூக்காமலே, "மத்தியானம் மழை பெஞ்சுதா மாலதி?" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் குழாய் முனையில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். தண்ணீர் துணியோடு வழிந்து சுவரில் இறங்கும், சத்தம் வராது. நாங்கள் இருவரும் சம்பாதிக்கிறவர்கள், சொல்லிவைத்த வாடகையை ஒரு நாள்கூடப் பிந்தாமல் கொடுக்கிறவர்கள். திருடன் மாதிரி ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு குழாயில் துணி சுற்றிக்கொண்டிருந்தோம். அந்தத் துண்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பச்சைக் கரை போட்ட ஈரோட்டுத் துண்டு. ஒரே வாரத்தில் சுவரில் பாசி பிடித்து அதுவும் மாட்டிக்கொண்டது, அது வேறு கதை.

அப்புறம் தண்ணீர். 'தண்ணீர் சேர்த்து' என்று சொல்கிறார்களே, எவ்வளவு தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. 2019 வெயிலில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நாலும் வறண்டு கிடந்ததே, அந்த ஜூன் மாதம். மாமி வீட்டு போரும் நின்றுவிட்டது. லாரி வாங்கினால்தான் சம்ப்பில் தண்ணீர். ஒப்பந்தத்தில் தண்ணீர் வாடகையில் சேர்த்திதான். ஆனால் மாமி, "லாரித் தண்ணி எப்படிம்மா சேர்த்தியாகும், நான் சொன்னது போர் தண்ணி" என்றாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, லாரிக்காரர்கள் அன்றைக்குச் சொன்ன விலை அப்படி. கடைசியில் பாதிப் பாதி. அதிலும் எங்களுக்குக் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி மட்டும் மேல் டேங்குக்கு ஏற்றுவாள். குடிக்கிற கேன் தண்ணீர் எங்கள் செலவு, அது முதலிலிருந்தே அப்படித்தான்.

தம்பி, உன் மனைவி பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவள். ஏப்ரல் மாதம் மத்தியானம் மாடி வீட்டுத் தளம் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. 'பத்து டு அஞ்சு' என்று வாத்தியார் சொன்னதும் நீ சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அந்த வெக்கையில் உட்காரப்போகிறவளைக் கேட்டாயா?

பெரம்பூர் ஓனர் | 11 மார்ச் 2024

எல்லோரும் குடித்தனக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். நான் வீட்டுக்காரன், என் கதையையும் கேளுங்கள்.

பசங்க இரண்டு பேருக்கு மாடியை எல்லாம் சேர்த்து விட்டேன். நல்ல பசங்க, வாடகை டாண் என்று வந்துவிடும். முதல் பில் வந்தது, சரி போகட்டும் என்று கட்டினேன். இரண்டாவது பில்லைப் பார்த்ததும் மேலே போனேன். கீசர் காலையில் போட்டது சாயங்காலம் நான் போகும்வரை ஓடிக்கொண்டிருக்கிறது. சமையல் இண்டக்‌ஷன் அடுப்பில். அது போகட்டும். சன்னல் வழியாக ஒரு ஒயர் கீழே இறங்குகிறது, எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனால் காம்பவுண்டு ஓரம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர். "எல்லாம் சேர்த்துத்தானே அங்கிள் சொன்னீங்க" என்கிறான். அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? நான்தான் வாயால் சொல்லி ஏமாந்தேன்.

இப்போது நான் எழுதுவது இப்படி: இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரை வாடகையில் அடக்கம், அதற்கு மேல் யூனிட்டுக்கு 9 ரூபாய். மாதம் ஒன்றாம் தேதி, மாடிக்கு மட்டும் யூனிட் காட்டுகிற சப் மீட்டரை நானும் பார்ப்பேன், அவர்களும் பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஏசி எத்தனை மணிக்குப் போடுகிறான் என்று எனக்கு இப்போது கவலை கிடையாது. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இன்னொன்று. நீங்கள் ஆபீஸில் எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படிக்கு வரிக் கழிவு, போடுகிற ஆளா? பழைய வரி முறையில் இருந்தால் ரசீது கேட்பீர்கள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் வேண்டும். 16,500 என்றால் வருஷம் 1,98,000. ரசீது எவ்வளவுக்கு, பான் தருவாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பின்னால் கேட்டால் மூஞ்சி மாறும், என் மூஞ்சியும் மாறியிருக்கிறது.

ஒற்றைவரி | 11 மார்ச் 2024

அந்த ஓனர் யூனிட்டுக்கு 9 வாங்குகிறாரே, அது சட்டப்படி சரியா?

பெரம்பூர் ஓனர் | 11 மார்ச் 2024

நான் 600-க்கு மேல் போனால் வாரியம் என்னிடம் 9 வாங்குகிறது. அதே 9. லாபம் ஒரு காசு இல்லை, வேண்டுமென்றால் பில் காட்டுகிறேன்.

சாரல்காரன் | 12 மார்ச் 2024

வேலை முடிந்து நேராக மடிப்பாக்கம் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மாடிப்படிக்குக் கீழே செருப்பு ஸ்டாண்டு. அதற்குப் பின்னால் கறுத்துப் போன மரப்பலகை. அதில் ஒரே ஒரு ஈபி மீட்டர், சிவப்பு லைட் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உள்ளங்கை அளவு இன்னொரு மீட்டர், கண்ணாடியில் ஒட்டடை. அதன் தலையில் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவில் 'மாடி' என்று எழுதியிருக்கிறது. வாத்தியார் கையெழுத்து, அச்சு மாதிரி. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். "எல்லாம் சேர்த்துத்தானே தம்பி, மீட்டரை எதுக்குப் பாக்குறீங்க?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பழைய பில் பார்க்கலாமா சார் என்றேன். உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். ஒளிக்கவில்லை. மாடி காலியாக இருந்த இரண்டு மாதத்துக்கு 450 யூனிட். அதாவது அது கீழ்வீட்டுக்கு மட்டும்.

வெள்ளை அட்டை சார், ஒரு மீட்டர்தான். இனி நீங்கள் சொல்லுங்கள்.

மாலதி அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அப்புறம், "பத்து டு அஞ்சுக்கு நீங்க சரின்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

வெள்ளை அட்டை | 12 மார்ச் 2024

நினைத்தேன். அந்த வாத்தியார் பேராசைக்காரர் இல்லை தம்பி. அதைக் காட்டத்தான் எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

அவர் மட்டும் இருந்தால் 450 யூனிட், 1,425 ரூபாய் கட்டிவிட்டுப் போவார். நீ வந்து வெயில் காலத்தில் 735 ஓட்டினால் அதே மீட்டரில் 1,185 ஆகும். அதற்கு 8,585. அதாவது உன்னால் அவருக்கு ஏறுவது 7,160. தனி மீட்டரில் இதே 735-க்கு நீ கட்டியிருக்கக்கூடியது 3,965. நடுவில் 3,200 பக்கம் காற்றில் போகிறது, அவருக்கும் இல்லை, உனக்கும் இல்லை. ஏனென்றால் அவருடைய யூனிட்டுக்கு மேல்தான் உன் யூனிட் ஏறி உட்காரும். நீ போடுகிற முதல் ஃபேனுக்கே 6 ரூபாய், பிறகு 8, 9, 10, 11. இலவச 100 யூனிட்டையும் அவர் முன்பே பயன்படுத்திவிட்டார், உனக்கு அது கிடையாது.

நீ கொடுக்கப்போவது 5,400. வெயில் காலத்தில் அவர் கையிலிருந்து 1,760 போகும். மழைக்காலத்தில் நீ 315 யூனிட் ஓட்டினால் அவருக்கு ஏறுவது 2,810, அப்போது அவருக்கு மிச்சம். ஆக வருஷத்தைச் சமன்செய்துதான் தொகையைச் சொல்லியிருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருப்பார். ஆனால் பகலிலும் ஏசி ஓடினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும், அதனால்தான் 'பத்து டு அஞ்சு'. அவரால் அதை விட்டுக்கொடுக்கவே முடியாது.

இதற்கு மருந்து ஒன்றுதான், மாடிக்குத் தனி இணைப்பு. தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வந்து பார்ப்பார்கள். கேட்டுப் பார். பெரும்பாலும் தயங்குவார்கள். 2022 கடைசியில் ஆதாரை இணைப்போடு சேர்க்கச் சொன்னபோது, குடித்தனக்காரர் ஆதாரைச் சேர்த்தால் வீட்டுக்கே உரிமை கொண்டாடுவார் என்று எத்தனை பேர் பயந்தார்கள் தெரியுமா. வீடு வீடாகச் சொல்லிப் பார்த்து எனக்குத் தொண்டைதான் வற்றியது.

இரண்டாவது வீட்டை எடுக்கிறாயானால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய். உன் போர்ஷனின் மெயினை அணை. எல்லாம் அணைந்துவிட்டதா பார். அப்புறம் கீழே வந்து உன் மீட்டரின் சிவப்பு லைட்டை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நில். அப்படியே அசையாமல் நின்றால் சரி. சிமிட்டினால் யாரோ உன் காசில் கரன்ட் எடுக்கிறார்கள். முடிந்தால் யாராவது மோட்டார் போடும் நேரத்தில் பார்.

ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள். 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். என்ன சண்டை வந்தாலும் வீட்டுக்காரர் கரன்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

மாடிவீட்டு மாலதி | 13 மார்ச் 2024

சார் சொல்கிற அந்த 7,160-ஐப் படித்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. மாமி இரண்டு வருஷம் இப்படித்தான் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்களிடம் ஒரு தடவையாவது பில்லைக் காட்டியிருந்தால் நாங்களே சேர்த்துக் கொடுத்திருப்போம். அவள் காட்டவில்லை, நாங்கள் கேட்கவில்லை. மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சாரல்காரன் | 28 ஏப்ரல் 2024

தாமதத்துக்கு மன்னியுங்கள். சித்திரை பிறந்ததும் பால் காய்ச்சினோம், நடுவில் ஓட்டுப் போட ஊருக்குப் போய் வந்தோம், சாமான் இன்னும் பாதி அட்டைப்பெட்டியில்.

வாத்தியாரிடம் தனி இணைப்பு பற்றிக் கேட்டேன். யோசித்துவிட்டு, மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது இரண்டு இணைப்பு இருந்தால் பேச்சு வரும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பெரம்பூர் அண்ணன் சொன்ன 400 யூனிட் ஏற்பாட்டையும் சொல்லிப் பார்த்தேன். மாதாமாதம் மீட்டர் பார்த்துக் காசு கேட்பது தனக்குச் சங்கடம் என்றார். அதனால்தானே எல்லாம் சேர்த்து என்று வைத்தேன் என்றார். அந்த வீட்டுக்குப் புரோக்கர் சொன்ன இன்னொரு பார்ட்டி இன்றுவரை வரவில்லை.

இரண்டாவது வீட்டுக்கு வந்துவிட்டோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு நானும் மனைவியும் மீட்டர் முன்னால் போய் நின்றோம். அசையாமல்தான் இருந்தது. சரி என்று திரும்பும்போது மேல் டேங்குக்கு யாரோ மோட்டார் போட்டார்கள். எங்கள் மீட்டர் லைட் படபடவென்று சிமிட்ட ஆரம்பித்தது. மனைவி என் கையைக் கிள்ளிவிட்டாள். மேஸ்திரி எந்தக் காலத்தில் ஒயரை இழுத்தாரோ, நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான மோட்டார் எங்கள் மீட்டரில்.

ஓனருக்கு ஃபோன் போட்டேன். "அது சும்மா அரை மணி நேரம்தான் சார் ஓடும்" என்றார். ஒரு குதிரைசக்தி மோட்டார், காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, இரண்டு மாதத்துக்கு 45 யூனிட் என்று கணக்கைச் சொன்னேன். வெயில் காலத்தில் அது 9 ரூபாய் ஸ்லாப்பில் விழும் என்றதும் எதிர்முனையில் கொஞ்சம் மௌனம். ஈபியில் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைப் பொது மீட்டருக்கு மாற்றும்வரை மெயின்டனன்ஸ் 800-க்குப் பதில் 400 போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

முதல் பில் ஜூனில் வரும். மனைவி மீட்டர் பக்கத்துச் சுவரில் பென்சிலால் வாரா வாரம் ரீடிங் எழுதுகிறாள், எங்கள் அப்பா மாதிரி. மத்தியானம் ஏசி போடுகிறாள், கூடவே கணக்கும் போடுகிறாள்.

மாலதி அக்கா, எங்கள் ஏசிக் குழாய் சொட்டுகிற இடத்தில் ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் துளசிக்கு ஆகுமா ஆகாதா?